மேன் பக்கங்களுக்கு எதைப் போடுவது: டிஸ்ட்ரோ பொதியா, மேன்டாக் சோர்ஸா, குரோஃப் சோர்ஸா?

இரண்டே வாரத்தில் மூன்று பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதலாமவர் தான் எழுதிய கட்டளைவரிக் கருவிக்கு மேன் பக்கம் எழுதப்போகிறார். அலுவலக சர்வரில் ரூட் அனுமதி (நிர்வாகி உரிமை) இல்லை. இரண்டாமவர் சின்ன லினக்ஸ் இமேஜ் ஒன்றைத் தயார் செய்கிறார். அதில் பெர்லும் வேண்டாம், சி++ லைப்ரரியும் வேண்டாம் என்கிறார். மூன்றாமவருக்கு டிஸ்ட்ரோ (அவர் போட்டிருக்கும் லினக்ஸ் தொகுப்பு) தந்த குரோஃப் என்ற வடிவமைப்பான் பழசாகத் தெரிகிறது. மூவர் கேள்வியும் "சோர்ஸிலிருந்து (மூல நிரலை நாமே கம்பைல் செய்து) போட்டுக்கொள்ளலாமா?" என்றுதான் முடிந்தது.

போடலாம், கஷ்டமும் இல்லை. ஆனால் எதைப் போடுகிறோம், எந்த டைரக்டரியில், ஆறு மாதம் கழித்து அதை யார் கவனிப்பார் என்பதைப் பொறுத்துப் பதில் மூவருக்கும் வேறு வேறு.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மேன் பக்கம் என்பது ஒரு கட்டளையை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் கையேடு, ராஃப் என்ற அச்சுக்கோப்பு மொழி வகை மார்க்கப்பில் எழுதிய சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். லினக்ஸில் பெரும்பாலும் குரோஃப் அதைத் திரைக்கு வடிவமைக்கும். பக்கத்தைத் தேடி எடுத்து குரோஃபிடம் கொடுப்பது மேன்-டிபி. மேன்டாக் இந்த இரண்டு வேலையையும் ஒரே பைனரியில் செய்கிறது. 2008இல் கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் தொடங்கியது. பிறகு இங்கோ ஷ்வார்ட்சே ஓபன்பிஎஸ்டிக்குள் வளர்த்தெடுத்தார். மற்ற இயங்குதளங்களுக்கென்று வரும் தார் ஃபைலுக்குத்தான் (சோர்ஸை ஒன்றாகக் கட்டிய ஃபைல்) 'போர்ட்டபிள் மேன்டாக்' என்று பெயர். ஆல்பைன், வாய்ட் லினக்ஸ் இரண்டிலும் இயல்பாக இருப்பது இதுதான். ஃப்ரீபிஎஸ்டி 11இலிருந்து இதற்கு மாறியது. மேக்ஓஎஸ் 13இல் ஆப்பிளும் மாறிக்கொண்டது.

## எதை வைத்து எடைபோடுவது

"டிபெண்டன்சி (சார்ந்திருக்கும் மற்ற மென்பொருள்) எத்தனை?" என்று எண்ணுவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பில்ட் ஆகும்போது கேட்பது ஒரு பட்டியல், ஓடும்போது கேட்பது வேறு பட்டியல். பில்டுக்கு மட்டும் வேண்டியதை நாளைக்கே நீக்கிவிடலாம். ஓடுவதற்கு வேண்டியதை அந்த மென்பொருள் இருக்கும்வரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, யாருடைய பாதையில் குறுக்கிடுகிறோம் என்பது. மேன், அப்ரோபோஸ் (சொல்லை வைத்துப் பக்கம் தேடுவது), வாட்ஈஸ் (ஒரு வரி விளக்கம் தருவது) எல்லாம் ஏற்கெனவே மெஷினில் இருக்கும் பெயர்கள். புதிதாகப் போடுவது அதே பெயரோடு வந்தால் யாருடையது முதலில் ஓடும்?

பாதுகாப்புத் திருத்தம் வரும் நாளில் யார் புதுப்பிப்பார், ஆறு மாதம் கழித்து நீக்க நினைத்தால் எப்படி நீக்குவது என்ற இரண்டையும் போடுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

இன்னொன்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: நீங்கள் எழுதும் பக்கத்தைப் படிக்கப்போகிறவர் மெஷினில் என்ன இருக்கிறது? இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

## டிஸ்ட்ரோ தரும் பொதி

மேன் பக்கங்களைப் படிக்க மட்டும் வேண்டுமா? இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம். பொதியைப் போடுங்கள், வேறு வேலையைப் பாருங்கள்.

பொதிமீது சொல்லும் முதல் புகார், அது பழசு என்பது. குரோஃப் விஷயத்தில் இது ஓரளவு உண்மை. குரோஃப் 1.22.4 வந்தது 2018 டிசம்பரில், அடுத்த 1.23.0 வர 2023 ஜூலை ஆனது. டெபியன் 12 அதற்கு ஒரு மாதம் முந்தி வெளியானதால் 1.22.4ஐயே சுமக்கிறது. மேன்டாக் விஷயத்தில் இந்தப் புகார் எடுபடாது. அதே டெபியன் 12இல் இருப்பது 1.14.6, அதாவது 2021 அக்டோபரில் வந்த போர்ட்டபிள் வெளியீடு. அதே தார் ஃபைலை டெபியன் 12இல் நீங்களே கம்பைல் செய்து சாதிப்பது ஒன்றும் இல்லை. 'சோர்ஸிலிருந்து போட்டால் புதுசு' என்ற நினைப்பை முதலில் வெர்ஷன் எண்ணைப் பார்த்துச் சரிபாருங்கள்.

டெபியன் இன்னொரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. மேன்டாக் பொதியைப் போட்டாலும் பழைய மேன் கட்டளை மேன்-டிபியுடையதாகவே இருக்கும். மேன்டாக்கின் மேன் முன்னால் ஒரு 'எம்' ஒட்டிக்கொண்டு 'எம்மேன்' என்று வரும். இரண்டும் சண்டை போடாமல் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கும்.

மறைந்திருக்கும் செலவு கன்டெய்னரில் தெரியும். உபுண்டுவின் சிறிய இமேஜ்களில் மேன் பக்கங்கள் வட்டில் ஏறாதபடி பொதி மேலாளருக்கே விலக்கு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். மேன் கட்டளையைப் போட்டாலும் படிக்கப் பக்கம் இருக்காது. இதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து சோர்ஸிலிருந்து மேன்டாக்கை ஏற்றிப் பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். அதற்கும் படிக்கப் பக்கம் இல்லை! அந்த விலக்கை எடுத்துவிட்டுப் பொதிகளை மறுபடி போடுவதுதான் வழி. ஆல்பைனில் கதை வேறு: ஆவணங்கள் தனித்தனி 'டாக்' பொதிகளாகப் பிரிந்திருக்கும், 'டாக்ஸ்' என்ற மெட்டா பொதியைப் போட்டால் அவை சேர்ந்து வரும்.

## மேன்டாக், சோர்ஸிலிருந்து

எனக்குப் பிடித்த வழி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குறைகளையும் சேர்த்துத்தான்.

பில்டுக்கு வேண்டியது ஒரு சி கம்பைலர், மேக், இசட்லிப் (சுருக்கிய ஃபைலைத் திறக்கும் லைப்ரரி). அவ்வளவுதான். முன்பு தேடல் தரவுத்தளத்துக்காக எஸ்க்யூலைட்டும் வேண்டியிருந்தது, 1.14.1இல் சொந்தமாக ஒரு ஃபைல் அமைப்புக்கு மாறி அதைக் கழற்றிவிட்டார்கள். சோதனைத் தொகுப்பை ஓட்டிப் பார்க்க விரும்பினால் மட்டும் பெர்ல் வேண்டும்.

ஓபன்பிஎஸ்டியில் எழுதிய நிரலில் எல்லா இயங்குதளத்திலும் கிடைக்காத ஃபங்ஷன்கள் பல இருக்கும். எஸ்டிஆர்எல்காபி ஓர் உதாரணம். லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியில் அது நுழைந்ததே 2023இல் வந்த 2.38இல்தான். இதற்காக மேன்டாக்கின் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு குட்டி சோதனை நிரலைக் கம்பைல் செய்து ஓட்டிப் பார்க்கும். ஓடினால் மெஷினில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், ஓடாவிட்டால் தார் ஃபைலுக்குள்ளேயே இருக்கும் மாற்று நிரலைச் சேர்த்துக்கொள்ளும். அதனால் இந்த ஃபங்ஷன்களுக்காக வெளியிலிருந்து தனி லைப்ரரி எதையும் தேடிப்போக வேண்டாம்.

இந்தக் கான்ஃபிகர் ஆட்டோகான்ஃப் உருவாக்கியது அல்ல, கையால் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட். உட்கார்ந்து படித்தால் ஒரு மாலையில் முடித்துவிடலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் பின்கதவு வைத்த விவகாரம் வெடித்தபோது, கெட்ட நிரலைத் தூண்டிவிட்ட வரிகள் கிட்டில் இல்லாமல் வெளியீட்டுத் தார் ஃபைலின் பில்ட் மேக்ரோக்களுக்குள் ஒளிந்திருந்தன. அதற்குப் பிறகு, படித்துப் பார்க்க முடிகிற கான்ஃபிகர் என்பதை நான் ஒரு தகுதியாகவே எண்ணுகிறேன்.

சரி, இனி எங்கே இடறும் என்று பார்ப்போம்.

முதல் இடறல் இசட்லிப். முதலாமவரின் சர்வரில் கம்பைலர் 'இசட்லிப் ஹெட்டர் ஃபைல் இல்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. அவர் குழம்பிவிட்டார்: பட்டியலிட்டால் இசட்லிப் இருக்கிறதே? இருந்தது ஓடுவதற்கான லைப்ரரி. கம்பைல் செய்ய ஹெட்டர் வேண்டும். அது டெபியன் குடும்பத்தில் 'டெவ்' என்று முடியும் பொதியிலும், ஃபெடோரா குடும்பத்தில் 'டெவெல்' என்று முடியும் பொதியிலும் தனியாக வரும். நிர்வாகியிடம் அந்த ஒரு பொதியைக் கேட்டு வாங்குவதுதான் மலிவான வழி. நடக்காது என்றால் இசட்லிப்பையும் உங்கள் ஹோமுக்குள் பில்ட் செய்துகொள்ளலாம். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அன்றிலிருந்து இசட்லிப்பும் உங்கள் பொறுப்பு. 2022இல் மட்டும் பாதுகாப்புக் காரணத்துக்காக இரண்டு முறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது: மார்ச்சில் 1.2.12, அக்டோபரில் 1.2.13. ஸ்டாட்டிக்காக இணைத்திருந்தால் டிஸ்ட்ரோ தன் இசட்லிப்பைத் திருத்தினாலும் உங்கள் பைனரிக்குள் பழையதே கிடக்கும். இன்னொரு சின்னத் தொல்லை: புது வெளியீடு வந்ததும் இசட்லிப் தளம் பழைய தார் ஃபைலை முகப்பிலிருந்து எடுத்து 'ஃபாசில்ஸ்' என்ற டைரக்டரிக்குத் தள்ளிவிடும். பழைய முகவரியை எழுதி வைத்த பில்ட் ஸ்கிரிப்ட் ஒருநாள் காலையில் 404 என்று விழித்துக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது இடறல், லொக்கேல், அதாவது மொழி, எழுத்து அமைப்பு. பில்ட் செய்யும் மெஷினில் யூடிஎஃப்-8 லொக்கேல் எதுவும் கண்ணில் படாவிட்டால், மேன்டாக் அகல எழுத்து ஆதரவு இல்லாமலேயே பில்ட் ஆகிவிடும். பிழை என்று எதுவும் வராது. பிறகு திரையில் வெறும் ஆஸ்கி வந்து நிற்கும்போதுதான் தெரியும். கன்டெய்னருக்குள் பில்ட் செய்பவர்கள் அடிக்கடி மாட்டுவது இதில்தான். கான்ஃபிகர்.லோக்கல் என்ற ஃபைலில் எந்த லொக்கேலைப் பயன்படுத்துவது என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. மேக் ஓட்டுமுன் கான்ஃபிக்.லாக்கை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை பாருங்கள், ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது என் சொந்தத் தவறு. பல வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்தில், பத்துப் பேர் பகிர்ந்துகொண்ட சர்வரில் எதையும் மாற்றாமல் மேக் இன்ஸ்டால் கொடுத்தேன். எல்லாம் யூஸ்ஆர் லோக்கலுக்குள் போனது. அந்த டைரக்டரி எல்லோருடைய பாத்திலும் (கட்டளையை ஷெல் தேடும் டைரக்டரி வரிசை) முதலில் இருந்தது. மறுநாள் காலையில் பக்கத்து மேசைத் தம்பி, "அண்ணே, அப்ரோபோஸ் எதைக் கேட்டாலும் ஒண்ணுமில்லைங்குது" என்றான். அவன் ஓட்டியது என் அப்ரோபோஸ். அதற்கு வேண்டிய மேன்டாக் தரவுத்தளத்தை, மேக்வாட்ஈஸ் என்ற கட்டளையை ஓட்டி, நான் உருவாக்கவே இல்லை. மேன் கட்டளையும் பக்கத்தைக் காட்டிவிட்டு, 'தரவுத்தளத்தில் இந்தப் பக்கம் இல்லை, மேக்வாட்ஈஸ் ஓட்டு' என்று ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்தது. அவசரமாக நீக்கினேன். அப்புறமும் திறந்திருந்த ஷெல்களில் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்றே வந்தது, பாஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருந்ததால்.

இதைத் தவிர்க்க கான்ஃபிகர்.லோக்கலிலேயே வழி இருக்கிறது. கட்டளைகளின் பெயரை மாற்றும் மாறிகள் மாதிரி ஃபைலில் அப்படியே இருக்கின்றன. அந்த வரிகளை கான்ஃபிகர்.லோக்கலில் எழுதினால் போதும். மேன், அப்ரோபோஸ், வாட்ஈஸ் மட்டுமல்ல, குரோஃபோடு மோதும் எஸ்ஓஎலிமுக்கும் பெயர் மாற்றுங்கள். அதே ஃபைலில் மேன் பாத்தையும் எழுதுங்கள். இயல்பாக அது யூஸ்ஆர் லோக்கல் மேன் என்று பிஎஸ்டி வழக்கப்படி தேடும். லினக்ஸில் பக்கங்கள் நடுவில் 'ஷேர்' சேர்ந்த டைரக்டரியில் இருக்கும். மேன்-டிபிக்கு நீங்கள் எழுதிவைத்த அமைப்பு ஃபைலை மேன்டாக் எட்டியும் பார்க்காது, அதற்கென்று தனியாக மேன்.கான்ஃப் உண்டு.

இன்று நான் செய்வது: ஹோமுக்குள் 'ஆப்ட்' என்று ஒரு டைரக்டரி, அதில் வெர்ஷன் எண்ணோடு ஒரு ப்ரிஃபிக்ஸ் (எல்லாம் நிறுவப்படும் இடம்), வெளியே அதைச் சுட்டும் ஒரு சிம்லிங்க். நீக்க வேண்டும் என்றால் அந்த டைரக்டரியை அழித்தால் போயிற்று. மேக் அன்இன்ஸ்டால் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, பில்ட் செய்த டைரக்டரியும் அன்றைய கான்ஃபிகர்.லோக்கலும் உங்களிடம் இன்னும் இருந்தால் அது உதவும். எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

மேன்டாக்கால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். அது மேன் பக்கங்களுக்கானது. ராஃபில் புத்தகமோ கடிதமோ அச்சுக்கோக்க நினைத்தால் ஆகாது. அட்டவணை, சமன்பாடு மார்க்கப் புரியும். படம் வரையும் 'பிக்' புரியாது. சுருக்கிய பக்கங்களில் ஜிஇசட் மட்டும் திறக்கும். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிபெயர்ப்புப் பக்கங்களை லொக்கேலைப் பார்த்துத் தானாக எடுத்துத் தருவது மேன்-டிபியின் திறமை. மேன்டாக்கிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

## குரோஃபும் மேன்-டிபியும், சோர்ஸிலிருந்து

இங்கே ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்து வைத்துவிட முடியாது, ஒன்றைத் தொட்டால் அடுத்தது கூடவே வரும். மேன்-டிபிக்கு லிப்பைப்லைன், ஜிடிபிஎம் என்ற இரண்டு லைப்ரரிகளும் வேண்டும். குரோஃப் முன்பே இருக்க வேண்டும், ஏனென்றால் கான்ஃபிகர் ஆகும்போதே வடிவமைப்பான் எங்கே என்று அது தேடும். குரோஃபுக்கு சி++ கம்பைலர், பெர்ல், எம்4. வெளியீட்டுத் தார் ஃபைலை விட்டுவிட்டு கிட் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், பைசன், டெக்ஸ்இன்ஃபோ என்று இன்னொரு வரிசை சேரும். புதுசு வேண்டும் என்பதற்காக கிட்டுக்குப் போகாதீர்கள். வெளியீட்டுத் தார் ஃபைல் போதும்.

எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தால் பில்ட் சில நிமிடங்கள்தான். பழைய 1.22.4ஐ பில்ட் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் மேக் அதில் சரியாக வராது, ஒற்றையாக ஓட்டுங்கள். இன்னொன்று தாள் அளவு. கான்ஃபிகருக்கு முன்னால் பேஜ் என்ற மாறியில் ஏ4 என்று கொடுத்துவிடுங்கள். அமெரிக்க லெட்டர் தாளுக்குப் பக்கம் கோத்துவிட்டு, நம் ஊர் பிரிண்டரில் கீழ் ஓரம் ஏன் இப்படி இருக்கிறது என்று தேடுவது வீண் வேலை.

பலன் என்ன? முழு ராஃப் மொழி, போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப். 1.23.0இல் டெர்மினலில் சொடுக்கக்கூடிய இணைப்புகளும் வந்திருக்கின்றன. ஆனால் பிடிஎஃப் எழுதும் பகுதி பெர்லில் இருக்கிறது. எச்டிஎம்எல் வெளியீட்டில் படங்களுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்டும் நெட்பிபிஎம்மும் தேவைப்படும். அதாவது ஓடும்போது கேட்கும் பட்டியலும் நீளம்தான். டெபியன் இதைப் புரிந்துகொண்டு, மேன் பக்கம் காட்டுவதற்கு மட்டும் போதுமானதை 'குரோஃப்-பேஸ்' என்று பிரித்து வைத்திருக்கிறது. சோர்ஸிலிருந்து போடும்போது அந்தப் பிரிப்பை நீங்களே செய்துகொள்ள வேண்டும்.

இரண்டில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் குரோஃபை மட்டும் தனி ப்ரிஃபிக்ஸில் போட்டு, டிஸ்ட்ரோவின் மேன்-டிபியை அப்படியே விடுங்கள். மேன்-டிபியை சோர்ஸிலிருந்து போட வேண்டிய தேவை, மொத்த சிஸ்டத்தையும் கையால் எழுப்புபவர்களைத் தவிர வேறு யாருக்கும் இருந்ததாக நான் பார்த்ததில்லை.

தமிழில் ஆவணம் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மேன்டாக்கின் எச்டிஎம்எல் வெளியீட்டில் தமிழ் எழுத்து நன்றாக வரும். அதன் பிடிஎஃப்பில் வராது. அங்கே சிறப்பு எழுத்துகளை ஆஸ்கி வெளியீட்டில் போலவே நடத்துகிறது. குரோஃபில் தமிழ் எழுத்துரு ஒன்றைப் பொருத்தினாலும் 'கெ', 'கொ' போன்றவற்றில் கொம்பை இடம் மாற்றி வைக்கும் வேலையை அது செய்யாது. எச்டிஎம்எல் எடுத்து பிரவுசரிலிருந்து பிடிஎஃப் ஆக்குவதே இப்போதைக்கு உருப்படியான வழி.

## பிகேஜிசோர்ஸ், ஹோம்ப்ரூ

சோர்ஸ்தான், ஆனால் டிபெண்டன்சிகளை வேறொருவர் ஒழுங்குபடுத்தித் தருகிறார். நெட்பிஎஸ்டியின் பிகேஜிசோர்ஸை ரூட் இல்லாமலேயே ஹோமுக்குள் எழுப்பலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய கிளை வருகிறது, நீக்குவதும் ஒரே கட்டளை. செலவு வட்டு இடமும் முதல் நாள் பில்ட் நேரமும். மேன்டாக் ஒன்றுக்காக மட்டும் என்றால் இது ஈ அடிக்கப் பீரங்கி. ஏற்கெனவே நான்கைந்து கருவிகள் வேண்டியிருந்தால் வேறு கணக்கு.

மேக்ஓஎஸில் பிரபலமான பொதி மேலாளரான ஹோம்ப்ரூவில் லினக்ஸ்காரர்கள் கவனிக்க வேண்டியது: முன்பே கம்பைல் செய்த பைனரிகள் அதன் வழக்கமான இடத்தில் நிறுவினால்தான் பெரும்பாலும் உதவும். அந்த டைரக்டரியை உருவாக்க ஒருமுறையாவது ரூட் வேண்டும். ஹோமுக்குள் வேறு இடத்தில் வைத்தால் பலவும் கம்பைல் ஆக ஆரம்பித்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | டிஸ்ட்ரோ பொதி | மேன்டாக் சோர்ஸ் | குரோஃப் + மேன்-டிபி சோர்ஸ் | பிகேஜிசோர்ஸ் / ஹோம்ப்ரூ |
|---|---|---|---|---|
| ரூட் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம், ஆனால் வேலை அதிகம் | முதலாவதற்கு வேண்டாம். இரண்டாவதற்கு ஒருமுறை |
| பில்டுக்கு | எதுவும் இல்லை | சி கம்பைலர், மேக், இசட்லிப் ஹெட்டர் | சி, சி++, பெர்ல், எம்4, லிப்பைப்லைன், ஜிடிபிஎம் | கம்பைலர். மற்றதைத் தானே பார்த்துக்கொள்ளும் |
| ஓடுவதற்கு | தானாக வரும் | இசட்லிப் | சி++ லைப்ரரி, லிப்பைப்லைன், ஜிடிபிஎம். பிடிஎஃப்புக்கு பெர்ல் | தானாக வரும் |
| திருத்தம் வந்தால் | டிஸ்ட்ரோ | நீங்கள் | நீங்கள், ஒவ்வொன்றுக்கும் | தொகுப்பாளர்கள் தருவார்கள். ஓட்டுவது நீங்கள் |
| பெயர் மோதல் | இல்லை | மாற்றாவிட்டால் உண்டு | உண்டு | பாத் வரிசையைப் பொறுத்தது |
| முழு ராஃப், பிக் | குரோஃப் பொதியில் உண்டு | இல்லை | உண்டு | எதைப் போடுகிறீர்களோ அது |
| நீக்குவது | எளிது | தனி ப்ரிஃபிக்ஸ் என்றால் எளிது | சிக்கல் | எளிது |

## படிப்பவர் மெஷினில் என்ன இருக்கிறது?

மேன் பக்கம் எழுதுபவர்களுக்கு இதுதான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். குரோஃப் 1.23.0இல் 'எம்ஆர்' என்ற புதிய மேக்ரோ வந்தது. இன்னொரு மேன் பக்கத்தைச் சுட்ட அதைப் பயன்படுத்தலாம். டெர்மினலில் இணைப்பாகவும் ஆகும். ஆசையாகப் பயன்படுத்தினீர்கள் என்று வையுங்கள். குரோஃப் 1.22.4க்கு அந்த மேக்ரோ தெரியாது. தெரியாத மேக்ரோவை அது விட்டுவிடும், கூடவே அதில் எழுதியிருந்த பெயரும் போய்விடும். '... பற்றி அறிய பார்க்க' என்று வாக்கியம் அந்தரத்தில் நிற்கும். 2021இல் வந்த மேன்டாக் 1.14.6க்கும் அது தெரியாத சங்கதிதான். டெபியன் 12 பயனர் உங்கள் பக்கத்தைத் திறந்தால் இந்த இரண்டில் எதில் படித்தாலும் ஓட்டைதான் மிஞ்சும்.

அதனால் எழுதுபவர் புதிய குரோஃபை மட்டும் சோர்ஸிலிருந்து போட்டு, அதில் அழகாகத் தெரிகிறது என்று திருப்திப்படுவது ஆபத்து. மேன்டாக்கின் லின்ட் வெளியீடு இங்கே கைகொடுக்கும்: தெரியாத மேக்ரோ, மூடாத பட்டியல், தவறான தேதி வடிவம் என்று வரி எண்ணோடு சொல்லிவிடும். சில எச்சரிக்கைகள் வெறும் நடை பற்றியவை. அவற்றைப் பார்த்துப் பதற வேண்டாம். பழைய குரோஃப் ஒன்றிலும் புதியது ஒன்றிலும் அதே பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் நான் வெளியே அனுப்புவேன்.

## அந்த மூவருக்கும்

சின்ன இமேஜ் தயார் செய்பவருக்கு மேன்டாக்தான், சந்தேகமே இல்லை. ஆல்பைன் அடிப்படையில் என்றால் பொதியே இருக்கிறது, சோர்ஸுக்குப் போக வேண்டாம். தன் சொந்த அடிப்படை என்றால் சோர்ஸிலிருந்து போடட்டும். மேன், அப்ரோபோஸ், வாட்ஈஸ், மேக்வாட்ஈஸ் நான்கும் ஒரே பைனரிக்கான ஹார்ட் லிங்க் என்பதால் இடமும் மிச்சம். ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னேன்: இமேஜை உருவாக்கும் கடைசிப் படியில் மேக்வாட்ஈஸை ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்து மேசைத் தம்பியின் புகார் அவருக்கும் வரும்.

குரோஃப் பழசு என்றவரிடம் எதற்குப் புதுசு என்று கேட்டேன். சொடுக்கும் இணைப்புகள் பிடித்திருக்கிறதாம். அவர் டெபியன் 12இல் இருக்கிறார்; டெபியன் 13இல் 1.23.0 இருக்கிறது. மெஷினை எப்படியும் மாற்றப்போகிறார் என்றால் காத்திருப்பது நல்லது, அவசரம் என்றால் குரோஃப் மட்டும் தனி ப்ரிஃபிக்ஸில். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

ரூட் இல்லாதவருக்கு மேன்டாக் சோர்ஸ், ஹோமுக்குள், எம்மேன் என்ற பெயரில். இசட்லிப் ஹெட்டருக்கு நிர்வாகிக்கு இரண்டு வரி மெயில் எழுதச் சொன்னேன். அன்று மாலையே பொதி வந்துவிட்டது. கான்ஃபிகர் கொடுத்து மேக் ஓட்டி முடித்தபோது கொண்டுவந்த டீ இன்னும் சூடாக இருந்தது என்றார். முதல் வேலையாகத் தன் பக்கத்தை லின்ட்டில் ஓட்டியிருக்கிறார், பதினேழு எச்சரிக்கைகள். அதில் பதினான்கு, வரிக் கடைசியில் விட்ட வெற்றிடமாம்.